கைப்பிடி மாட்டிய நாய்க்குச் சோறு போடாதீர்கள்

1972-ஆம் ஆண்டு நவம்பர் 6, திங்கட்கிழமை, காலை 9 மணி 40 நிமிடம். விடிவதற்கு முன்பிருந்தே தூறல். கண் ஆஸ்பத்திரியின் வெளிநோயாளர் கூடத்தில் பெஞ்சுகள் ஒன்பது, எங்கள் வரிசையில் ஆட்கள் நூற்றுப் பன்னிரண்டு. அந்த நேரத்தில்தான் டாக்டர் என் கண்ணுக்கு நேரே பிடித்திருந்த விளக்கை அணைத்துவிட்டு, "உங்களுக்குப் புரை இல்லை" என்றார்.

நல்ல செய்தி என்று நினைத்து நான் சிரித்தேன்.

"யார் சொன்னது புரைன்னு?" என்று கேட்டார்.

மூன்று பேர். விருத்தாசலம் கடைத்தெருவில் எனக்கு இரண்டு முறை கண்ணாடி மாற்றிக் கொடுத்தவர் ஒருவர். என் மைத்துனன் ஒருவன். மூன்றாவது ஆள் நானே. எங்கள் பக்கத்தில் ஐம்பது வயதுக்கு மேல் ஒருவனுக்குக் கண் மங்கினால் அது புரைதான். வேறு பெயரே கிடையாது. "முத்தட்டும் சார், முத்துனப்புறம் உரிச்சிக்கலாம்" என்றார் கண்ணாடிக்கடைக்காரர், பலாப்பழத்தைப் பற்றிச் சொல்வதுபோல. நானும் முத்தட்டும் என்று பதினான்கு மாதம் காத்திருந்தேன். நானூற்று இருபத்தைந்து நாட்கள். இல்லாத புரைக்காக.

இதைப் படிப்பவர்களுக்காக டாக்டர் சொன்னதை எளிமையாகச் சொல்கிறேன். கண்ணுக்குள் எப்போதும் கொஞ்சம் நீர் ஊறிக்கொண்டிருக்கும், ஊறியது வடிந்துகொண்டும் இருக்கும். வடிகால் அடைத்துக்கொண்டால் உள்ளே அழுத்தம் ஏறும். அழுத்தம் ஏறினால் பின்னால் இருக்கும் நரம்பு ஓரத்திலிருந்து செத்துக்கொண்டே வரும். எனக்கு வந்தது வலிக்காத வகை. புரையில் போன பார்வையை அறுவை செய்து மீட்கலாம். இதில் போனது போனதுதான். மிச்சத்தைக் காப்பாற்ற முடியுமா என்று மட்டுமே பார்க்கலாம். வடிகால் அடைத்தால் என்ன ஆகும் என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பீங்கான் கம்பெனியில் இருபத்திரண்டு வருடம் சரக்குக் கணக்கு எழுதியவன் நான். வடிகால் குழாய்களைத்தான் எண்ணிக்கொண்டிருந்தேன்.

சோதனைகள் இரண்டு. முதலில் மரத்துப்போகும் சொட்டு மருந்து விட்டு, மல்லாக்கப் படுக்கவைத்து, சின்னத் தராசு போன்ற ஒன்றைக் கண்மேலேயே நிறுத்தி அழுத்தம் பார்த்தார்கள். வலது கண் 58, இடது கண் 46. இருபதைத் தாண்டக் கூடாதாம். இரண்டாவது, கறுப்புத் துணித் திரை. நடுப்புள்ளியை மட்டும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். ஓரத்திலிருந்து ஒருவர் குச்சி நுனியில் வெள்ளை மணி ஒன்றை நகர்த்திக்கொண்டு வருவார். தெரிந்ததும் சொல்ல வேண்டும். நான் "தெரியுது" என்று சொன்னது நான்கு முறை. அவர் குச்சியை நீட்டியது இருபத்தாறு முறை. இது என் மனைவி தனலட்சுமி பின்னால் நின்று எண்ணிச் சொன்னது.

புதன்கிழமை இரண்டு கண்ணிலும் அறுவை. நீர் வடிய ஓரத்தில் சின்னத் திறப்பு வைப்பார்கள், அவ்வளவுதான். பிறகு இரண்டு கண்ணையும் கட்டி, தலைக்கு இரண்டு பக்கமும் மணல் மூட்டை வைத்துவிட்டார்கள். ஐந்து நாள் தலையை அசைக்கக் கூடாது, இருமக் கூடாது, கோபப்படக் கூடாது. மூன்றாவதை யார் கண்டுபிடித்தார்களோ தெரியவில்லை. ஒரு வேலையும் இல்லாமல் மணல் மூட்டைகளுக்கு நடுவில் கிடப்பவன் வேறு என்ன செய்வான்?

தனலட்சுமி என் கட்டிலுக்கு அடியில் பாய் போட்டுக்கொண்டாள். முதல் நாளே, நான் கேட்காமலே, கீழேயிருந்து சொன்னாள்: "கட்டுலு பதினெட்டு. உங்குளுது பதினாலு. சன்னலு ஏழு. ஃபேனு நாலு, ஒண்ணு சுத்தல. போதுமா, வேற எதாச்சும் எண்ணணுமா?" முப்பத்தொரு வருடக் குடும்பத்தில் அவள் எனக்குச் செய்த உதவிகளில் இதை முதலாவதாக வைப்பேன். இதை நான் சொல்ல, அவள்தான் எழுதுகிறாள். இந்த வரியை எழுத மாட்டேன் என்கிறாள்.

ஐந்தாம் நாள் கட்டு அவிழ்த்தார்கள். வலது கண் முழு இருட்டு. இடது கண்ணில் வெளிச்சம் எது, நிழல் எது என்று தெரிந்தது. ஆள் தெரியவில்லை, விரல் தெரியவில்லை. டாக்டர் என் தோளைத் தொட்டு, "இன்னும் முன்னாடி வந்திருக்கணும்" என்றார். அது எனக்கே தெரியும். நானூற்று இருபத்தைந்து நாள் முன்னாடி.

அந்த வார்டில் மார்த்தா என்று ஒரு சிஸ்டர் இருந்தார். கடல் தாண்டி வந்தவர். புத்தகத்தில் இருப்பதுபோலத் தமிழ் பேசுவார். நான் இரண்டு வேளை கஞ்சியைத் திருப்பி அனுப்பியதும் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"ஐயா, என் தந்தைக்கும் இரண்டு கண்களும் இல்லை. அவர் தினமும் தனியாகக் கடைக்குப் போய்வந்தார். அவரை ஒரு நாய் அழைத்துச் சென்றது."

பதினைந்தாம் கட்டிலில் கருவேப்பிலங்குறிச்சி விவசாயி கோவிந்தசாமி இருந்தார். அவருக்கு உண்மையாகவே புரை. அது முத்தி, உரித்து, பார்வையும் வந்துவிட்டது. அந்தச் சந்தோஷத்தில் யாரையும் விடமாட்டார்.

"நாயா? பஸ்ஸுல டிக்கட்டு யாரும்மா எடுப்பாங்க, அதுவா?"

"இல்லை. அதற்கு டிக்கட்டு கிடையாது" என்றார் சிஸ்டர், சிரிக்காமல்.

"பாத்தியளா சார், நாயி ஓசியில போவுது. நம்ம ரெண்டு பேருதான் காசு குடுத்துட்டுப் போறம்."

எனக்கு எதையும் அரைகுறையாகக் கேட்டுப் பழக்கமில்லை. மிச்சமிருந்த பதினோரு நாளும் மத்தியானங்களில் அவரைக் குடைந்தேன். நாய்க்கு வழி தெரியுமா என்பது முதல் கேள்வி. தெரியாது என்றார். வழி மனிதனின் தலைக்குள் இருக்க வேண்டும். எத்தனை அடி, எங்கே திரும்புவது என்று அவன் சொல்ல, வழியில் கிடப்பதை நாய் பார்த்துக்கொள்ளும். குட்டியாக ஒரு வருடம் ஒரு குடும்பத்தில் வளரும். பிறகு பள்ளிக்கூடத்தில் சில மாதம். கழுத்துக் கயிறு போதாது. முதுகில் வார் கட்டி, வளையாத கைப்பிடி ஒன்று வைப்பார்கள். கயிறு தொளதொளக்கும். கைப்பிடியில்தான் நாய் நின்றதும் விலகியதும் அப்படியே கைக்கு வரும். தரை உயர்ந்தாலும் தாழ்ந்தாலும் அது நிற்க வேண்டும். தன் உயரத்துக்கு வழி இருக்கிறது என்று தாழ்ந்த கிளைக்கு அடியில் நுழைந்துவிடக் கூடாது. மனிதனின் உயரத்தையும் சேர்த்துப் பார்க்க அதற்குச் சொல்லித்தருவார்கள்.

"எல்லாவற்றுக்கும் கடைசியில் கற்பிப்பது, கீழ்ப்படியாமை" என்றார். "நீங்கள் போ என்று சொல்வீர்கள். முன்னால் வண்டி வந்தால் அது போகாமல் நிற்கும்."

"சொன்ன பேச்சு கேக்காத நாயி எங்கூட்லயே மூணு இருக்குது. ஒண்ணு எடுத்துக்குங்க" என்றார் கோவிந்தசாமி.

"பயிற்சி முடிந்ததா என்று எப்படித் தெரிந்துகொள்வார்கள்?" என்று கேட்டேன்.

"பயிற்சி கொடுத்தவர் தன் கண்களைக் கட்டிக்கொண்டு தெருவில் அதோடு நடப்பார். இன்னொன்று, ஐயா. கைப்பிடி மாட்டியிருக்கும்போது வேறு யாரும் அதைத் தொடக் கூடாது, பெயர் சொல்லி அழைக்கக் கூடாது, உணவு கொடுக்கக் கூடாது. எங்கள் ஊரில் குழந்தைகளுக்குக்கூட அது தெரியும்."

கட்டிலுக்கு அடியில் தனலட்சுமி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள் என்பது எனக்கு அப்போது தெரியாது.

சிஸ்டர் தன் நாட்டுப் பள்ளிக்கு எனக்காகக் கடிதம் எழுதினார். நாற்பத்தொரு நாள் கழித்துப் பதில் வந்தது. நாயைத் தனியாக அனுப்ப மாட்டார்களாம். நான் அங்கே போய் ஒரு மாதம் தங்கி அதோடு பழக வேண்டும். அதற்கும் முன்னால், எங்கள் தெருக்களில் நாய்கள் கட்டவிழ்ந்து கூட்டமாகத் திரியுமா என்று கேட்டிருந்தார்கள். திரியுமென்றால் தங்கள் நாயால் அங்கே வேலை செய்ய முடியாது என்று வருந்தியிருந்தார்கள். வாயாரத் திட்டினேன். அவர்கள் சொன்னது சரி என்பதால் இன்னும் அதிகமாகத் திட்டினேன்.

என் அவசரம் இதுதான். கம்பெனியில் கணக்கு எழுத இனி முடியாது. ஆனால் சூளையிலிருந்து இறங்கும் குழாயையும் ஜாடியையும் சின்ன மரச்சுத்தியால் தட்டிப் பார்த்துப் பிரிக்கும் வேலை உண்டு. நல்ல சரக்கு கணீர் என்னும். கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருந்தால் சத்தம் பொத்தென்று விழும். அதற்குக் காது போதும். முதலாளியிடம் கேட்டேன்.

"தரேன் ராமலிங்கம். ஆனா நீங்களா வரணும், நீங்களா போவணும். வூட்டு அம்மா கையப் புடிச்சிக்கிட்டு யார்டுக்குள்ள வந்தா, நாளைக்கி ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சின்னா யாரு பதில் சொல்றது?"

நியாயமான நிபந்தனைதான். அந்த மனிதர் சொன்னவற்றில் நியாயமானது அது ஒன்றே.

நாய் தேடினேன். கம்பெனி வாட்ச்மேன் வீட்டில் ஒன்றரை வயதுப் பெட்டை ஒன்று இருந்தது. காது எப்படி, கடிக்குமா, வெடிச்சத்தத்துக்கு ஓடுமா, உயரம் எத்தனை அங்குலம் என்று பதினோரு கேள்வி கேட்டு எடுத்துக்கொண்டேன். ராணி என்று பெயர். நிறத்தைக் கேட்கவில்லை. நிறம் எனக்கு எதற்கு? தனலட்சுமிக்குத் தெரியும். அவளுக்கும் அது சொல்லவேண்டிய விஷயமாகத் தோன்றவில்லை.

செருப்புத் தைப்பவரிடம் தோல் வாரும், பழைய சைக்கிளின் ஹேண்டில்பாரை வளைத்துக் கைப்பிடியும் செய்தோம். பார்வையில்லாதவன் நாயைப் பழக்க முடியாது. தவறை யாராவது பார்க்க வேண்டும். பழக்கியது தனலட்சுமி. முதல் மாதம் நேராக நடப்பது மட்டும். இரண்டாம் மாதம் சாக்கடை ஓரத்தில் நிற்பது. பிறகு வாசலில் என் நெற்றி உயரத்துக்கு மூங்கில் கட்டி, அதன் அடியில் ராணி நுழையும் ஒவ்வொரு முறையும் மூங்கிலைத் தட்டிக் காட்டி, திரும்ப நடந்து, மறுபடி வந்தாள். நூற்று அறுபது முறைக்கு மேல் என் எண்ணிக்கை தவறிவிட்டது. சரியாகச் செய்தால் முதுகைத் தடவுவாள். கைப்பிடியைக் கழற்றிய பிறகுதான் சோறு.

ஐந்தாம் மாதம் ஒருநாள் அவள் முந்தானைக் கிழிசலால் தன் கண்ணைக் கட்டிக்கொண்டு தெருவில் இறங்கினாள்.

"என்னாக்கா, சாருக்கு வந்தது ஒனக்கும் ஒட்டிக்கிச்சா?" என்று எதிர்வீட்டுப் பெண் கேட்டது என் காதில் விழுந்தது.

"ஆமாண்டி. கிட்ட வராத, ஒனக்கும் ஒட்டிக்கும்" என்று சொல்லிக்கொண்டே போனாள். இருபது நிமிடம் கழித்து வந்தாள். முழங்காலில் ஒரு சிராய்ப்பு. "அது என் தப்பு. ராணி நின்னுச்சி, நாந்தான் கால வுட்டேன்" என்றாள்.

அப்புறம் நான் கைப்பிடியைப் பிடித்தேன். வீட்டிலிருந்து ரயில்வே கேட் நானூற்றுப் பன்னிரண்டு அடி, அங்கிருந்து கம்பெனி எழுநூற்று முப்பது அடி. முதல் வாரமே ஒன்றைக் கவனித்தேன். ஞாயிறிலிருந்து வெள்ளிவரை ராணி நூல் பிடித்தாற்போல நடக்கிறது. சனிக்கிழமை மட்டும் இழுக்கிறது, நிற்கிறது, எதையோ சப்புக்கொட்டித் தின்கிறது.

"சார், கொஞ்சம் நில்லுங்க" என்று ஒரு பெண்குரல். "தயிர்சாதம்தான். அது சாப்ட்டதும் போயிருங்க."

"என் நாய்க்கு நீங்க எதுக்குச் சோறு போடுறீங்க?"

"கருப்பு நாயி இந்தத் தெருவுல இது ஒண்ணுதான சார். எங்க வூட்டுக்காரருக்கு ஏழரைச் சனி நடக்குது. சனிக்கிழம கருப்பு நாய்க்கு வெச்சா நல்லதுன்னு ஜோசியரு சொன்னாரு."

அப்போதுதான் என் நாய் கருப்பு என்று எனக்குத் தெரிந்தது.

எங்கள் தெருவில் எத்தனை பேருக்குச் சனி நடக்கிறது என்று தனலட்சுமியை எண்ணச் சொன்னேன். ரயில்வே கேட் வரைக்கும் ஒன்பது வீடு. நான் ஒவ்வொரு வாசலிலும் நின்று சொன்னேன். இது வேலை செய்யும் நாய். கைப்பிடி மாட்டியிருக்கும்போது சோறு போட்டால் நான் விழுவேன். எல்லாரும் தலையாட்டினார்கள் என்று தனலட்சுமி சொன்னாள். அடுத்த சனிக்கிழமை, இரண்டு வீட்டார் இரண்டிரண்டாக வைத்ததில், பதினோரு இலை. நான் சொன்னதில் அவர்கள் காதில் விழுந்தது, கருப்பு நாய் எத்தனை மணிக்கு வரும் என்பது மட்டும்தான்.

"பாவம் சார், வாயில்லா ஜீவன்" என்றார் ஒருவர். நான் யாருக்கும் பாவமாகத் தெரியவில்லை.

தனலட்சுமி ஒவ்வொரு வீட்டுக்காரரிடமும் கெஞ்சி, இலையை எங்கள் வீட்டு வாசலுக்கே கொண்டுவந்து, மாலை ஆறு மணிக்குமேல் வைக்க ஏற்பாடு செய்தாள். ஒன்பது வீட்டாரும் ஒப்புக்கொண்டார்கள். சனிக்கிழமைகளில் நாங்கள் ரயில்வே கேட்டைத் தாண்டிப் போனதில்லை. பத்தாவதாக ஒருவர் இருக்கிறார் என்று எங்களுக்குத் தெரியாது.

முதலாளி என்னை வரச்சொன்ன நாள், ஆடி மாதத்து முதல் சனிக்கிழமை, காலை எட்டு மணி. தனியாகக் கிளம்பினேன். ரயில்வே கேட்டில், மூடிக் கிடந்த தடுப்புக்கு அடியில் ஜனங்கள் குனிந்து போகும் சத்தம் கேட்டது. வண்டிச் சத்தம் இல்லை. "நேர்" என்றேன். ராணி போகவில்லை. அதட்டினேன். என் முழங்காலுக்குக் குறுக்கே வந்து நின்றது. திட்ட வாயைத் திறந்தபோது, எஞ்சின் இல்லாமல் தள்ளிவிடப்பட்ட சரக்குப் பெட்டி ஒன்று சத்தமேயில்லாமல் என் முன்னால் உருண்டு போனது. அதன் காற்று முகத்தில் பட்டது. ஆறு மாதப் பாடத்தில் கடைசிப் பாடத்தை அது படித்துவிட்டது. நின்ற இடத்தில் அதன் தலையைத் தடவினேன்.

கம்பெனிக் கதவுக்கு இன்னும் முப்பது அடி. எழுநூறு எண்ணியாயிற்று. அடிக்கொரு எண் சொல்லி நடந்துகொண்டிருந்தவனை ராணி சட்டென்று இடப்பக்கம் இழுத்தது. கைப்பிடியை விட்டிருக்கலாம். நான் விடவில்லை. இடது கால் மதகு ஓரத்துப் பள்ளத்தில் இறங்கியது. கணுக்காலில் குச்சி ஒடிவதுபோல ஒரு சத்தம். படுத்த வாக்கில், ராணி இலையை நக்கும் சத்தத்தைக் கேட்டேன்.

எள்ளுச்சோறு. வைத்தவர் முதலாளி. ஒவ்வொரு சனிக்கிழமையும் கம்பெனி வாசலில் தன் கையால் வைப்பாராம். வாட்ச்மேன்தான் சொன்னார்.

தனியார் நர்சிங் ஹோம், ஒன்பது நாள். எக்ஸ்ரே என்பது உள்ளே இருக்கும் எலும்பைப் படம் எடுப்பது. அதில் கணுக்காலின் வெளிப்பக்க எலும்பு ஒடிந்திருந்தது. முழங்காலுக்குக் கீழே மாவுக்கட்டு, ஏழு வாரம். அரிப்புக்குத் தனலட்சுமி குடைக்கம்பி ஒன்றைத் துணி சுற்றிக் கொடுத்தாள். மூன்றாம் நாள் முதலாளி ஆறு சாத்துக்குடியோடு வந்தார்.

"பாத்தீங்களா ராமலிங்கம். நாய நம்பி யாராச்சும் ரோட்டுல எறங்குவாங்களா?"

"இலைய வச்சது நீங்க."

"அது பரிகாரம். அத நிறுத்த முடியுமா? இன்னும் ரெண்டு வருசம் இருக்குது."

"வேற எடத்துல வைக்கலாமே."

"ஜோசியரு வாசல்லதான் வைக்கச் சொன்னாரு. ஒண்ணு செய்ங்க, எனக்குச் சனி வுட்டதும் வாங்க. வேல எங்கயும் ஓடிப்போவாது."

சாத்துக்குடியைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னேன். தனலட்சுமி கொடுக்கவில்லை. "பழம் என்னா பண்ணுச்சி" என்று உரித்து என் வாயில் வைத்தாள். அவர் போன பிறகு சொன்னாள்: "ஊர மாத்த முடியாதுங்க. சோத்தத் தாண்டிப் போவ ராணிக்குச் சொல்லிக்குடுக்கறேன்."

மாவுக்கட்டோடு நான் கிடந்த ஏழு வாரமும் அவள் அதைச் செய்தாள். தானே சமைத்து, தெருவில் பத்து இடத்தில் இலை போட்டு, அவற்றின் நடுவே ராணியைக் கூட்டிக்கொண்டு நடந்தாள். மூக்கு இலைப்பக்கம் போனால் திரும்பி முதலிலிருந்து. தாண்டிப் போனால் முதுகில் தடவல். முதலில் வெறும் சோறு, பிறகு தயிர்சாதம், கடைசியில் கருவாட்டுக் குழம்பு. கண்ணைக் கட்டிக்கொண்டு கருவாட்டைத் தாண்டிய அன்று, வீட்டுக்குள் வந்து, "முடிஞ்சிச்சி" என்று ஒரே வார்த்தை சொன்னாள்.

புரட்டாசி கடைசிச் சனிக்கிழமை மறுபடி போனேன். வேறு கிழமை வேண்டாம் என்று நானேதான் பிடிவாதம் பிடித்தேன். எழுநூறாவது அடியில் எள்ளு வாசனை வந்தது. ராணியின் நடை மாறவில்லை. கைப்பிடி லேசாக வலப்பக்கம் விலகி, மறுபடி நேரானது. எழுநூற்று முப்பதில் நின்றது. கையை நீட்டினேன். கம்பெனியின் இரும்புக் கதவு.

"சார்," என்றார் வாட்ச்மேன், "சோத்த அது திரும்பிக்கூடப் பாக்கல."

முதலாளி பக்கத்தில்தான் நின்றிருந்தார். மெதுவாகச் சொன்னார்.

"என்னா காரியம் பண்ணிட்டீங்க ராமலிங்கம். சனிக்கிழமையும் அதுவுமா, கருப்பு நாயி என் சோத்த ஒதுக்கிட்டுப் போவுது. இத வுட அபசகுனம் இருக்குதா? இந்த நாயி இனிமே என் வாசல மிதிக்கப்படாது."

தின்றதற்காக ஒருமுறை, தின்னாததற்காக ஒருமுறை. அவரிடம் என்ன சொன்னேன் என்பதைத் தனலட்சுமி எழுத மறுக்கிறாள். ஆறு வரி.

பேசி முடித்ததும் "வலம்" என்றேன். அறுபத்து நான்கு அடி தள்ளி இன்னொரு கம்பெனி, குழாய் மட்டும் செய்யும் சின்ன இடம். அதன் சொந்தக்காரர் எனக்குப் பழக்கமில்லை. வாசலில் நின்று வேலை கேட்டேன்.

"நாய் கடிக்குமா?" என்றார்.

"கடிக்காது. நீங்க சோறு வைப்பீங்களா?"

"நான் எதுக்குய்யா ஒன் நாய்க்குச் சோறு வைக்கிறேன்" என்றார், சலிப்போடு. பதினோரு மாதத்தில் என் காதில் விழுந்த நல்ல வார்த்தை அது ஒன்றுதான். சுத்தியைக் கையில் கொடுத்து இருபது குழாயைத் தட்டச் சொன்னார். மூன்றில் விரிசல் என்றேன். இரண்டை அவரே பார்த்தார். மூன்றாவதைத் தண்ணீர் ஊற்றிப் பார்த்த பிறகு, திங்கட்கிழமையிலிருந்து வரச் சொன்னார். பழைய சம்பளத்தில் முக்கால் பங்கு. இன்றுவரை அங்கேதான் தட்டிக்கொண்டிருக்கிறேன்.

இல்லாத புரைக்குப் போட்ட இரண்டு கண்ணாடி 38 ரூபாய். கண் ஆஸ்பத்திரியும் மருந்தும் 318 ரூபாய் 75 பைசா. போக்குவரத்து 74 ரூபாய் 40 பைசா. வாரும் கைப்பிடியும் 11 ரூபாய் 50 பைசா. நர்சிங் ஹோம் 146 ரூபாய். வராத சம்பளம் பதினோரு மாதம், மாதம் 160 வீதம், 1,760 ரூபாய். ராணிக்காகத் தெருவில் போட்ட இலைகளுக்குத் தனலட்சுமி கணக்குச் சொல்ல மறுத்துவிட்டதால் அதை விட்டுவிட்டு, மொத்தம் இரண்டாயிரத்து முந்நூற்று நாற்பத்தெட்டு ரூபாய் அறுபத்தைந்து பைசா.